ரேடியோ முள் எங்கே நிற்கும்?

தாடிக்கொம்பில் பொழுது விடிகிறது.

சவுந்தரராஜ பெருமாள் கோவில் கோபுரத்தில் இளவெயில் படுகிறது. கரூர் ரோட்டில் முதல் பஸ் போகிறது. டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது. அதற்குப் பக்கத்தில், பலகையின் மேல் ஒரு ரேடியோ பாடிக் கொண்டு இருக்கிறது.

அந்தக் குரல் எங்கே இருந்து வருகிறது?

மேற்கே பாருங்கள். நீலமாக ஒரு மலை தெரியும். அது கொடைக்கானல் மலை. அங்கே இருந்துதான் கோடை பண்பலை பேசுகிறது.

இதே இடத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு ரேடியோ பாடியது என்று வைத்துக் கொள்ளுங்கள். அன்று அந்தக் குரல் மலையில் இருந்து வந்திருக்காது. கடல் தாண்டி, கொழும்பில் இருந்து வந்திருக்கும்! அதற்கும் முந்திய காலம் என்றால், திருச்சியில் இருந்து வந்திருக்கும்.

ரோடு அதேதான். டீயும் அதேதான். ரேடியோவின் முள் மட்டும் நகர்ந்து விட்டது.

ஏன் நகர்ந்தது? யார் நகர்த்தினார்கள்?

இது பழங்கதை பேசுவதற்காகக் கேட்கிற கேள்வி அல்ல. திண்டுக்கல் போன்ற ஊர்களுக்கு என்று தனியாக ரேடியோ நிலையங்களை ஏலம் விட, 2024-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் முடிவு செய்தது. அந்த நிலையங்கள் யாருடைய குரலில் பேசும்? நம் குரலிலா? பட்டணத்தின் குரலிலா?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், முதலில் பட்டணத்தின் கதையைப் பார்க்க வேண்டும். ஒரு நிலையம் ஏன் வாழ்கிறது, ஏன் விழுகிறது என்பதை சென்னை நகரம் நூறு ஆண்டுகளாகக் காட்டி வருகிறது.

பூங்காவில் பாடிய ரேடியோ

1924-ம் ஆண்டு. இந்தியாவில் சர்க்கார் ரேடியோ என்று ஒன்று இல்லாத காலம். சென்னையில் சில ஆர்வக்காரர்கள் சேர்ந்து ஒரு ரேடியோ கிளப் தொடங்கினார்கள். அதற்கு முன்னின்றவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார். சிறிய கருவி ஒன்றை வைத்துக் கொண்டு, அவர்கள் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார்கள்.

ஆர்வம் இருந்தது. பணம் இல்லை. 1927-ம் ஆண்டில் கிளப் நின்று போயிற்று.

அந்தக் கருவியை சென்னை நகரசபை ஏற்றுக் கொண்டது. 1930-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நகரசபை ரேடியோ பாடத் தொடங்கியது. வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. அதனால் கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். மாலை நேரத்தில் காற்று வாங்க வந்த மக்கள், நின்று கேட்டு விட்டுப் போனார்கள்.

அன்று போட்டியே இல்லை. இருந்தது ஒரே நிலையம். முள்ளைத் திருப்ப வேறு இடம் கிடையாது!

1938-ம் ஆண்டு ஜுன் 16-ந் தேதி, அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. நகரசபை ரேடியோவின் வேலை அதோடு முடிந்தது. மறு ஆண்டு மே 16-ந் தேதி திருச்சி நிலையம் வந்தது. திண்டுக்கல் சீமைக்கு ரேடியோ என்றால் அதன்பின் திருச்சிதான்.

இந்த நிலையங்களுக்கு மதிப்பு இருந்தது. பெரிய வித்துவான்கள் பாடினார்கள். பேர் பெற்ற எழுத்தாளர்கள் பேசினார்கள். 1947-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, நாடு விடுதலை பெற்ற செய்தியை டெல்லியில் இருந்து தமிழில் வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன். பிற்காலத்தில் நாடகத்திலும் சினிமாவிலும் நாம் பார்த்தோமே, அவரேதான்.

மதிப்பு வேறு; பிரியம் வேறு. மதிப்புக்கு உரிய பெரியவர் வீட்டுக்கு வந்தால், எழுந்து நின்று வணங்குவோம். ஆனால் நண்பன் வந்தால்தான் மனம் விட்டுப் பேசுவோம். சர்க்கார் ரேடியோ பெரியவராக இருந்தது. நண்பனாக இல்லை.

அந்தக் குறையை விரைவிலேயே வேறு ஒருவர் பயன்படுத்திக் கொண்டார்.

மந்திரி மூடிய கதவு

1952-ம் ஆண்டில், செய்தி-ஒலிபரப்பு இலாகாவின் மந்திரியாக பி. வி. கேஸ்கர் வந்தார். அவர் சாஸ்திரீய சங்கீதத்தில் ஊறியவர். நாட்டு மக்களின் இசை ரசனையை உயர்த்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாரம் ஒரு முறை தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். அது நல்ல காரியம்.

ஆனால் சினிமாப் பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கான நேரம் வெட்டப்பட்டது. பாட்டைப் போட்டாலும் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும் என்றார்கள். படத் தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்தது. பாட்டை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியை அவர்கள் திரும்பப் பெற்றார்கள்.

சர்க்கார் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போனது.

மக்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போனார்களா? மனுக் கொடுத்தார்களா?

இல்லை. முள்ளைத் திருப்பினார்கள்!

முள் போய் நின்ற இடம், இலங்கை வானொலி.

இலங்கையிடம் அப்போது ஒரு பெரிய ஆயுதம் இருந்தது. இரண்டாவது உலகப் போரின்போது, தென்கிழக்கு ஆசியாவில் இருந்த நேச நாட்டுப் படைகளுக்காக அங்கே ரேடியோ நிலையம் அமைத்தார்கள். போர் முடிந்தது. சக்தி மிகுந்த அந்தச் சிற்றலைக் கருவி இலங்கைக்குக் கிடைத்தது. அதை வைத்துக் கொண்டு, 1950-ம் ஆண்டில் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். விளம்பரம் போடலாம், சினிமாப் பாட்டுப் போடலாம். தமிழ், இந்தி, ஆங்கிலம், சிங்களம் என்று பல மொழிகளில் பேசலாம்.

சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பும் தன்மை கொண்டது. அதனால் வெகு தூரம் போகும். அதற்கு எல்லைக் கோடு தெரியாது. இந்திக்காரர்கள் அமீன் சயானியின் பாட்டு வரிசைக்குக் காத்துக் கிடந்தார்கள். சென்னையிலும் மதுரையிலும் தமிழர்கள் காலை விடிந்ததும் கொழும்பைத் திருப்பினார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள்! பாடியவர்கள் தமிழ்நாட்டுப் பாடகர்கள். பாட்டைப் பதிவு செய்தது கோடம்பாக்கத்தில். அதைக் கேட்பவர் இருப்பது மயிலாப்பூரில். நடுவில் பாட்டு மட்டும் கடல் தாண்டிப் போய் வந்தது!

பேர் சொல்லி அழைத்த நிலையம்

இலங்கை வானொலி வென்றது பாட்டால் மட்டும்தானா?

அப்படித்தான் பலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. சினிமாப் பாட்டுக் கிராமபோனில் இருந்தது. சினிமாக் கொட்டகையில் இருந்தது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் இருந்தது. பாட்டு மட்டும்தான் வேண்டும் என்றால், அதற்குக் கொழும்பு போக வேண்டியது இல்லை.

மறுபாதி உண்மை என்ன? அந்த நிலையம் நேயர்களைப் பேர் சொல்லி அழைத்தது.

ஒரு தபால் அட்டையில், "எனக்கு இந்தப் பாட்டு வேண்டும்" என்று எழுதிப் போட்டால் போதும். உங்கள் பெயர், உங்கள் வீட்டார் பெயர், உங்கள் ஊர்ப் பெயர், எல்லாம் ரேடியோவில் வரும். பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்வார்கள். ஊரில் நாலு பேருக்குக் கூடத் தெரியாத ஒருவனின் பெயர், கடல் கடந்து ஒலிக்கும்!

அறிவிப்பாளர்களும் அப்படியே அமைந்தார்கள். வர்த்தக ஒலிபரப்பின் முதல் தமிழ் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனம். பின்னால் கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீது என்று ஒரு வரிசையே வந்தது. அவர்கள் பேசியது சுத்தமான தமிழ். ஆனால் அது மேடைத் தமிழ் அல்ல. எதிரே உட்கார்ந்து பேசுகிற தமிழ். "பொங்கும் பூம்புனல்", "பாட்டுக்குப் பாட்டு" என்ற நிகழ்ச்சிப் பெயர்களை, அன்று கேட்டவர்கள் இன்றும் மறக்கவில்லை.

இதுதான் முதல் பாடம். கதவை மூடியவர் மந்திரி. ஆனால் நேயரைக் கூட்டிக் கொண்டு போனது, எதிர் வீட்டில் இருந்து வந்த அன்பான அழைப்பு.

ரேடியோ நெல்

டெல்லி விழித்துக் கொண்டது. 1957-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி விவித பாரதி தொடங்கியது. சினிமாப் பாட்டும் லேசான நிகழ்ச்சிகளும் மறுபடி வந்தன. 1967-ம் ஆண்டு நவம்பர் மாதம் பம்பாய்ப் பக்கம் விளம்பர ஒலிபரப்புத் தொடங்கியது. பிறகு சென்னைக்கும் வந்தது. வீட்டுக் கூடத்தில் மின்சாரக் கம்பியோடு கட்டிக் கிடந்த ரேடியோவும், "டிரான்சிஸ்டர்" ஆகித் தோளில் ஏறியது. வயலுக்கும் வந்தது, வண்டியிலும் போனது.

சென்னையில் முள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கொழும்பு கேட்ட வீட்டில் விவித பாரதியும் கேட்டது.

ஆனால் சர்க்கார் ரேடியோவின் உண்மையான வெற்றி பாட்டில் கிடைக்கவில்லை. அது நெல்லில் கிடைத்தது!

1960-களின் நடுவில், "ஏ.டி.டி. 27" என்ற புதிய நெல் வந்தது. ஆடுதுறையில் உண்டாக்கிய ரகம். அதை எப்படிப் பயிர் செய்வது, எவ்வளவு உரம் போடுவது என்று திருச்சி நிலையம் விவசாயிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது. தஞ்சைச் சீமை விவசாயிகள் அதைக் கேட்டு நட்டார்கள். அந்த நெல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? "ரேடியோ நெல்"!

ஒரு நிலையத்துக்கு இதை விடப் பெரிய விருது யாரால் கொடுக்க முடியும்?

பஞ்சாயத்து ரேடியோ முன்னால், மாலை நேரத்தில் ஊர் கூடி உட்கார்ந்த காலம் அது. சங்கீதக் கச்சேரிக்கு எழுந்து போனவர்கள்கூட, விவசாய நிகழ்ச்சிக்குக் காது கொடுத்தார்கள். காரணம் சுலபம். அது அவர்களுடைய வயலைப் பற்றிப் பேசியது.

கண் வென்றது, காது தோற்றது

1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் டெலிவிஷன் வந்தது. 1980-களில் வெள்ளிக்கிழமை இரவு "ஒலியும் ஒளியும்" என்றால், தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. பாட்டைக் கேட்ட காலம் போய், பாட்டைப் பார்க்கிற காலம் வந்தது.

1983-ம் ஆண்டு ஜுலையில், இலங்கையில் தமிழர்களுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, கொழும்புக் குரல் பழைய உறவோடு ஒலிக்கவில்லை. உள்நாட்டுப் போர் மூண்டது. தமிழ் அறிவிப்பாளர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். இலங்கைச் செய்தி அறிய விரும்பிய தமிழர்கள், லண்டன் பி.பி.சி.யின் தமிழோசைக்கு முள்ளைத் திருப்பினார்கள். (1941-ம் ஆண்டில் தொடங்கிய தமிழோசை வானொலி, 2017-ம் ஆண்டு ஏப்ரலில் நின்று விட்டது.)

ரேடியோவின் கதை முடிந்தது என்றார்கள். பெட்டி பரண் மேல் ஏறியது.

அந்த நாளிலும் சென்னையில் ஒரு குரல் மட்டும் காலையில் ரேடியோவைத் திறக்க வைத்தது. அது தென்கச்சி கோ. சுவாமிநாதனின் "இன்று ஒரு தகவல்". சில நிமிடப் பேச்சு. பாட்டு இல்லை, படம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல ஒரு செய்தி. முடிவில் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். டெலிவிஷனால் அதைத் தோற்கடிக்க முடியவில்லை!

தனியார் வந்தார்கள்

இனி பண்பலையின் காலம்.

பண்பலை சென்னைக்கு 1977-ம் ஆண்டிலேயே வந்து விட்டது. இரைச்சல் இல்லாமல் தெளிவாகக் கேட்கும். ஆனால் அதை வாங்கும் ரேடியோப் பெட்டி அன்று பலரிடம் இல்லை. 1993-ம் ஆண்டு முதல் சில ஆண்டுகள், சென்னை உள்பட பெருநகரங்களில், சர்க்கார் பண்பலையின் நேரத்தைத் தனியாருக்கு விற்றுப் பார்த்தார்கள். பிறகு தனியாருக்குத் தனி நிலையமே கொடுத்தார்கள். 2001-ம் ஆண்டில் பெங்களூரில் முதல் தனியார் நிலையம் வந்தது. 2003-ம் ஆண்டில் சென்னையில் சூரியனும் மிர்ச்சியும் பேசத் தொடங்கின.

முதலில் கட்டணம் கடுமை. வருமானம் வந்தாலும் வராவிட்டாலும், ஆண்டுக்கு ஆண்டு 15 சதவீதம் உயரும் லைசென்சுக் கட்டணம். நிலையங்கள் திணறின. 2005-ம் ஆண்டில் சர்க்கார் விதியை மாற்றியது. நுழைவுக் கட்டணத்துக்குப் பிறகு, வருமானத்தில் 4 சதவீதம் கொடுத்தால் போதும் என்றது. உடனே கூட்டம் வந்தது. 2006-ம் ஆண்டில் ஹலோ, பிக், ரேடியோ சிட்டி என்று சென்னை வானத்தில் நெருக்கடியே உண்டாகி விட்டது!

இந்த நிலையங்கள் எப்படி வென்றன? புதுப் பாட்டுப் போட்டதால் என்று நினைக்கிறீர்களா? அதுவும் உண்டு. ஆனால் முக்கியமானது வேறு. அவை சென்னைத் தமிழில் பேசின. அண்ணா சாலையில் போக்குவரத்து நெருக்கடி என்று சொன்னது ரேடியோ. ஆட்டோக்காரரையும் கல்லூரி மாணவியையும் போனில் கூப்பிட்டு வம்பு அளந்தது ரேடியோ. மறுபடியும் நேயரின் பெயர் வானத்தில் ஒலித்தது!

பேசியவர்களுக்கு நட்சத்திர மதிப்பு வந்தது. சிவாவும் செந்திலும் சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் போனபோது, "மிர்ச்சி" என்ற நிலையப் பெயரே அவர்களுக்கு அடைமொழி ஆகிவிட்டது. பிக் பண்பலையில் பேசிய ஆர். ஜே. பாலாஜி, கதாநாயகன் ஆனார்.

2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. மின்சாரம் போயிற்று. பல இடங்களில் டெலிபோன் செத்துப் போயிற்று. அப்போது ரேடியோ நிலையங்கள் பாட்டை நிறுத்தி விட்டு, உதவி கேட்டவர்களின் குரலை ஒலிபரப்பின. எங்கே படகு வேண்டும், எங்கே சாப்பாடு இருக்கிறது என்று சொல்லின. ரேடியோ எதற்காக இருக்கிறது என்பது அன்று தெரிந்தது.

எல்லாரும் முதல் இடமா?

இன்று சென்னையில் எந்த நிலையம் முதலில் நிற்கிறது?

நிலையங்களைக் கேட்டால், "நாங்களே முதல்" என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். எல்லாரும் முதல் இடத்தில் நிற்பது எப்படி?

ரேடியோ கேட்பவர்களைக் கணக்கு எடுக்க, 2007-ம் ஆண்டில் ஒரு முறை வந்தது. சில ஆயிரம் பேரிடம் நோட்டுக் கொடுத்து, என்ன கேட்டார்கள் என்று எழுதச் சொல்லும் முறை. டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் என்று நாலு நகரங்களில் எடுத்தார்கள். அந்த நாலில் சென்னை இல்லை! ஆகவே முதல் இடம் என்பது, பெரும்பாலும் அவரவர் போட்டுக் கொள்ளும் மாலைதான்.

அதைவிடப் பெரிய கேள்வி வேறு இருக்கிறது. முள்ளைத் திருப்பினால், வித்தியாசம் தெரிகிறதா?

ஒரு நிலையத்தில் ஒரு பாட்டு. அடுத்ததில் அதே பாட்டு. அதற்கு அடுத்ததில் அதே பாட்டின் கடைசிச் சரணம். நடுவில் நகைக்கடை விளம்பரம். மூடிக் கொண்டு பாட்டைக் கேட்டால், எந்த நிலையம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

பாட்டு இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. 2016-ம் ஆண்டு முதல் செல்போனில் இன்டர்நெட் மலிவு ஆகிவிட்டது. நினைத்த பாட்டை நினைத்த நிமிடம் கேட்கலாம். பல புதிய செல்போன்களில் ரேடியோவே கிடையாது. ரேடியோ வசதியை எடுத்து விடாதீர்கள் என்று கம்பெனிகளுக்கு 2023-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் அறிவுரை சொல்ல வேண்டி வந்தது!

ஆக, நூறு ஆண்டுக் கதையில் இருந்து தெரிவது இதுதான். பாட்டால் வந்த கூட்டம், பாட்டு வேறு இடத்தில் கிடைத்ததும் போய் விடும். உறவால் வந்த கூட்டம்தான் நிற்கும்.

மலை பேசுகிறது

இப்போது தாடிக்கொம்புக்குத் திரும்புவோம்.

பண்பலை அலை பெரும்பாலும் நேர் கோட்டில் போகும். பார்வைக்கு எட்டுகிற தூரம் வரைதான் நன்றாகப் பாயும். அதனால் கோபுரம் எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரம் கேட்கும். கொடைக்கானலோ இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த ஊர். இயற்கையே கட்டிக் கொடுத்த கோபுரம்! அங்கே இருந்து 100.5 என்ற எண்ணில் பேசும் கோடை பண்பலை, திண்டுக்கல், தேனி, மதுரை என்று பல ஜில்லாக்களில் கேட்கிறது.

சர்க்கார் நிலையமாக இருந்தும் அதற்கு நேயர்கள் உண்டு. அது கிராமத்து நேயரின் கடிதத்தையும் போனையும் மதிக்கிறது. விவசாயம் பேசுகிறது. பழைய பாட்டுப் போடுகிறது.

ஆனால் உயரத்தில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பல ஜில்லாக்களுக்குப் பொதுவாகப் பேசுகிற குரல், ஒரே ஊருக்கு என்று பேச முடியாது. குடகனாற்றில் தண்ணீர் வருகிறதா? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இன்று தக்காளி என்ன விலை? திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏறியதா, இறங்கியதா? வேடசந்தூர் நூற்பாலையில் ஆள் எடுக்கிறார்களா? இவற்றை எல்லாம் தினமும் காலையில் சொல்ல மலைக்கு நேரம் போதாது.

இந்த இடைவெளியில்தான் புதிய ஏலம் வருகிறது.

ஏலத்தில் குரல்

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மத்திய மந்திரி சபை ஒரு முடிவு எடுத்தது. தனியார் பண்பலை இல்லாத 234 ஊர்களில் 730 நிலையங்களை ஏலம் விடுவது என்பதே அந்த முடிவு. அடிப்படை விலை மொத்தம் ரூ.784 கோடியே 87 லட்சம். தமிழ்நாட்டு ஊர்களில் திண்டுக்கல்லும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிலையத்துக்குச் சராசரியாக ஒரு கோடி ரூபாய்க்குச் சற்று மேல். அது தொடக்க விலைதான். கோபுரம், கருவி, ஆள் சம்பளம், மின்சாரம், பாட்டுக்கு உரிமைத் தொகை எல்லாம் தனி. இத்தனையும் போட்டு நிலையம் தொடங்குகிறவர், திண்டுக்கல் கடைவீதி விளம்பரத்தில் இருந்து பணத்தை எடுக்க வேண்டும்.

அவர் என்ன செய்வார்? செலவைக் குறைப்பார். 2011-ம் ஆண்டு விதிப்படி, ஒரு கம்பெனி தன் நிலையங்களை ஒன்றோடு ஒன்று இணைத்து, ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களில் ஒலிபரப்பலாம். ஆகவே சென்னையில் ஒருவர் பேசுவார். அது திண்டுக்கல்லிலும் கேட்கும். பெயர் திண்டுக்கல் நிலையம். குரல் சென்னைக் குரல்! அண்ணா சாலை நெருக்கடியைத் தாடிக்கொம்புக்காரர் கேட்டு என்ன செய்வது?

இன்னொரு பூட்டும் உண்டு. அதே 2011-ம் ஆண்டு கொள்கை, தனியார் நிலையம் தானே செய்தி சேகரித்துச் சொல்ல இடம் தரவில்லை. அகில இந்திய ரேடியோவின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-ம் ஆண்டு செப்டம்பரில் பரிந்துரை செய்தது.

இது ஏன் முக்கியம்? ஒரு இரவை நினைத்துப் பாருங்கள்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. கடற்கரையோடு அது நிற்கவில்லை. உள்நாட்டில் புகுந்து, திண்டுக்கல் ஜில்லா வழியாக மேற்கே போனது. கொடைக்கானல் மலையில் மண் சரிந்தது, உயிர்கள் போயின. புயல் என்றால் கடற்கரைக்காரர் கவலை என்று நினைத்திருந்த சீமை இது. அப்படிப்பட்ட இரவில், மின்சாரமும் செல்போனும் போய் விட்டால், "இந்த ரோட்டில் போகாதீர்கள், அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்" என்று ஊர் பேர் சொல்லி யார் சொல்வது? பாட்டரி போட்ட ரேடியோதான் சொல்ல முடியும். ஆனால் அதைச் சொல்லும் அளவுக்குப் பக்கத்தில் ஒரு நிலையம் இருக்க வேண்டும். செய்தி சொல்லும் உரிமையும் வேண்டும். அந்த நேரத்தில் அங்கே ஓர் ஆளும் உட்கார்ந்து இருக்க வேண்டும்.

ஏலம் இல்லாத வழி

ஏலத்தைத் தவிர வேறு வழியும் இருக்கிறது. அதுதான் சமுதாய வானொலி.

கல்வி நிலையங்களும், விவசாய அறிவியல் மையங்களும், தொண்டு நிறுவனங்களும் இதை நடத்தலாம். ஏலம் கிடையாது. சிறிய கருவி, சில மைல் சுற்றளவு. இந்தியாவில் கல்லூரி வளாகத்தில் தொடங்கிய முதல் சமுதாய வானொலி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தினுடையது. அது பிறந்தது 2004-ம் ஆண்டில். பாம்பன் தீவில் 2016-ம் ஆண்டில் "கடல் ஓசை" தொடங்கியது. அது மீனவர்களுக்கான வானொலி. காற்று, அலை, மீன், வலை என்று அவர்கள் தொழிலைப் பேசுவது. பட்டணத்து நிலையம் எதுவும் இதைச் செய்ய முன்வராது.

பாம்பனுக்குக் கடல் என்றால், தாடிக்கொம்புக்கு வயல். அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கக் கூடாது?

சமுதாய வானொலியிலும் கஷ்டம் உண்டு. பணம் குறைவு. ஆர்வம் தீர்ந்தால் குரலும் தீர்ந்து விடும். 1927-ம் ஆண்டில் சென்னை ரேடியோ கிளப்புக்கு நேர்ந்த கதிதான். அந்தக் கிளப்பின் கருவியை அன்று நகரசபை ஏற்றுக் கொண்டது. இன்று உள்ளாட்சிகள் தங்கள் அறிவிப்புகளை விளம்பரமாகக் கொடுத்தாலே, சிறு நிலையங்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

நேயர் கையில்

கோடை பண்பலை மலையில் இருந்து பேசட்டும். தனியாரும் வரட்டும். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏலம் எடுப்பவர்களிடம் சர்க்கார் இரண்டு காரியம் கேட்க வேண்டும். ஊரில் உட்கார்ந்து பேசும் நேரம் தினமும் இத்தனை மணி என்று எழுதி வாங்க வேண்டும். ஊர்ச் செய்தி சொல்லும் உரிமையைக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால், திண்டுக்கல்லுக்குக் கிடைப்பது நிலையம் அல்ல. சென்னைக் குழாயின் கடைசி முனைதான்.

கேட்காமல் போனால் என்ன ஆகும்? அதற்கும் பதில் பழைய கதையிலேயே இருக்கிறது.

கேஸ்கர் காலத்தில் மக்கள் கோஷம் போடவில்லை. சண்டை பிடிக்கவில்லை. இரண்டு விரலால் முள்ளைத் திருப்பினார்கள். ஒரு மத்திய மந்திரியின் உத்தரவு, கடல் தாண்டி வந்த ஒரு குரலிடம் தோற்றது.

அன்று முள்ளைத் திருப்ப வேறு நிலையம் இருந்தது. இன்று நேயருக்குக் கோபம் வந்தால் வேறு நிலையத்துக்குப் போக மாட்டார். ரேடியோவையே மூடி விட்டு, செல்போனை எடுத்துக் கொள்வார். அதன் பின் புயல் இரவில் அவரைக் கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது.

தாடிக்கொம்பு டீக்கடையில் ரேடியோ இன்னும் பாடிக் கொண்டுதான் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் ஒரு குரல் வரும். அது தன் ஊர்ப் பேரைச் சொல்கிறதா என்று, கிளாசைக் கீழே வைத்து விட்டுக் கேட்க, அங்கே நாலு பேர் இருக்கிறார்கள்.

அவர்கள் எழுந்து போவதற்குள் அந்தக் குரல் வர வேண்டும்.